பிரஷர் குளிசையும் மறதியும்: அம்மாவை எங்க கொண்டு காட்டுறது, என்ன கேக்கிறது?

கல்லடிக்காரி

எல்லாருக்கும் வணக்கம். கனகாலமா இஞ்ச வாசிக்கிறதோட சரி, இப்ப எழுத வேண்டி வந்துட்டு.

அம்மாக்கு எழுபது தாண்டிட்டு. பிரஷர் வந்து கன வருசம், சீனி வருத்தம் பின்னால வந்து சேர்ந்தது. மாதாமாதம் கிளினிக்குக்குத் தவறாமப் போவா. ஆனா குளிசை விழுங்கிறது கிளினிக்குக்கு முந்தின ஒண்டு ரெண்டு நாள் மட்டும்தான் எண்டது இப்பதான் எனக்கு விளங்கினது. அலுமாரிக்குள்ள ஒரு ஹோர்லிக்ஸ் போத்தல் நிறையக் குளிசை. ஆஸ்பத்திரியில குடுக்கிற வெள்ளைப் பேப்பர் உறைகளைப் பிரிச்சு, வெள்ளை, மஞ்சள், றோஸ் எல்லாத்தையும் ஒண்டாக் கொட்டி வச்சிருக்கா. கேட்டா, "தலை சுத்தினா ஒண்டு போடுவன். சும்மா சும்மா ஏன் மருந்து தின்னுவான்?" எண்டு என்னையே திருப்பிக் கேக்கிறா.

கொஞ்ச நாளா மறதி. கறிக்கு உப்புப் போட்டுட்டு மறுகாவும் போடுறா. கடைக்குக் குடுத்த காசையே திரும்பக் குடுக்கப் போறா. பின்னேரத்தில ஒரே கேள்வி நாலஞ்சு தரம். ஆனா 78 சூறாவளிக்கு வளவில எந்தத் தென்னை எந்தப் பக்கம் விழுந்தது எண்டு கேட்டா பிசகில்லாமச் சொல்லுவா. பக்கத்து வளவு மாமி, "வயசு போனா அறளை பேரத்தானே செய்யும்" எண்டுறா. கட்டாரில இருக்கிற தம்பி ஞாபகசக்திக்கு எண்டு ஜிங்கோ எண்ட மூலிகைக் குளிசைப் போத்தல் அனுப்பியிருக்கான்.

என்ட கேள்வி இதுதான். கவனிக்காம விட்ட பிரஷருக்கும் இந்த மறதிக்கும் தொடர்பு இருக்கா? இனி ஒழுங்காப் போட்டா மறதி திரும்புமா? மற்றது, எனக்கு வயசு நாப்பத்தாறு. போன கிழமை பாமசியில சும்மா பாத்த நேரம் 148/92 காட்டிச்சு.

படுவான்கரையான்

தங்கச்சி, இதுக்கெல்லாம் பயப்புடாதீங்க. எங்கட அப்பப்பா தொண்ணூறு தாண்டியும் வயலுக்குப் போனவர். சுருட்டு வாயில இருந்து இறங்காது, எருமைத் தயிர் இல்லாம சோறு இறங்காது. கடைசி வரைக்கும் ஆருக்கு எத்தனை அவணம் நெல்லுக் குடுத்தது எண்டு கொப்பி பாக்காமச் சொல்லுவார். ஒரு நாளும் பிரஷர் பாத்ததில்ல. இப்ப பசளையும் கிருமிநாசினியும் திண்டு திண்டு வாறதுக்கெல்லாம் ஒரு பேரை வைக்கிறாங்க. வயசு போனா மறதி வரும். அவ்வளவுதான்.

கிழக்கு_வைத்தியன்

படுவான்கரை அண்ணன், உங்கட அப்பப்பா குடுத்து வச்சவர். ஆனா அவரோட ஒத்த வயசுக்காரங்க எத்தனை பேர் ஐம்பதிலயும் அறுபதிலயும் பாரிசவாதத்தில (ஸ்ட்ரோக்) விழுந்து போனாங்க எண்டு ஊர்ல ஒருத்தரும் எழுதி வைக்கல்ல. தப்பி நிண்டவரைத்தான் நாம பாக்கிறம். பிரஷர் பாக்காதவருக்குப் பிரஷர் இருந்ததா இல்லையா எண்டும் ஒருத்தருக்கும் தெரியாது.

கல்லடி அக்காட கேள்விக்கு வாறன். தொடர்பு இருக்கு. மூளை உடம்பு எடையில ஏறத்தாழ 2 வீதம். ஆனா உடம்பு எடுக்கிற ஒட்சிசனில ஏறத்தாழ 20 வீதம் அதுக்குத்தான் போகுது. மூளைக்குள்ள ஆழமாப் போற இரத்தக்குழாய்கள் மயிர் போல மெல்லிசு. வருசக்கணக்கா பிரஷர் கூடி இருந்தா அதுகட சுவர் தடிச்சு, உள்வழி ஒடுங்கிப் போகும். பெரிய வாய்க்காலில தண்ணி நல்லாத்தான் ஓடும், கடைக்கோடி வயல் காஞ்சு கிடக்கும். அங்கங்க சின்னச் சின்ன இடங்கள் செத்துப் போனாலும் கை கால் இழுக்காது, வாய் கோணாது. அதனால வீட்டில ஒருத்தருக்கும் தெரியவராது. பிறகு ஸ்கேன் எடுத்தா வெள்ளைத் திட்டுத் திட்டாத் தெரியும். அல்சைமர் எண்ட மறதி வருத்தம் இதில இருந்து வேறதான். ஆனா வயசான கன பேருக்கு ரெண்டும் கலந்துதான் இருக்கும். குழாய்ப் பழுது இருக்கிற மூளையில அல்சைமர் வேளைக்கே வெளியில தெரிஞ்சிடும்.

லான்செட் மருத்துவ சஞ்சிகையின்ர ஆணைக்குழு 2024இல ஒரு அறிக்கை விட்டது. டிமென்சியா எண்ட மறதி வருத்தங்களில ஏறத்தாழ 45 வீதத்தைத் தடுக்கவோ பிந்த வைக்கவோ வாய்ப்பு இருக்கு எண்டு சொல்லி, நாம மாத்தக்கூடிய 14 காரணங்களை வரிசைப்படுத்தினாங்க. பிரஷர், சீனி, கூடாத கொழுப்பு, புகை, உடல் பருமன், உடம்பை அசைக்காம இருக்கிறது எண்டு பாதிக்குக் கிட்ட நாங்க இருதய கிளினிக்கில தினம் கத்துறதுதான். மற்றது காது கேளாமை, கண் பார்வை, தனிமை, மனச்சோர்வு, தலையில அடி, மது, காத்து மாசு, சின்ன வயசில படிப்புக் குறைவு. ஒண்டை மட்டும் விளங்கிக்கொள்ளுங்க. அந்த 45 ஒரு சனக்கூட்டத்துக்கான கணக்கு. "நான் எல்லாம் சரியாச் செஞ்சா எனக்கு வராது" எண்டு அர்த்தமில்ல.

இனி உங்கட வயசு. பிரஷர் மூளையைக் கெடுக்கிறது கூடுதலா நாப்பதிலயும் ஐம்பதிலயும். எழுபதில வாற மறதிக்கு விதை அப்ப விழுந்தது. அதனால இந்த இழையில எனக்கு அவசரமாப் படுறது அம்மாட போத்தல் இல்ல, உங்கட 148/92. ஒரு தரம் பாத்ததை வச்சு முடிவெடுக்க ஏலாது. ஆனா அப்படியே விடவும் கூடாது.

திரும்புமா எண்டா, செத்த இடம் திரும்பாது. மேல மேலப் போறதை இழுத்துப் பிடிக்கலாம். அமெரிக்காவில ஸ்பிரிண்ட் எண்டு ஒரு ஆய்வு. 50 வயசு தாண்டின 9,361 பேரில ஒரு பகுதி ஆக்களுக்குப் பிரஷரிட மேல் எண்ணை 120க்குக் கீழயும் மற்றவங்களுக்கு 140க்குக் கீழயும் வச்சுப் பாத்தாங்க. 2019இல வந்த முடிவில, 120 பகுதியில லேசான ஞாபகக் குறைவு ஏறத்தாழ 19 வீதம் குறைவு. முழு டிமென்சியாவும் குறைஞ்சமாதிரித்தான் தெரிஞ்சுது, ஆனா புள்ளிவிபரப்படி உறுதியாச் சொல்ல ஏலல்ல. சீனி வருத்தம் உள்ளவங்களையும் முன்னமே பாரிசவாதம் வந்தவங்களையும் அதில சேர்க்கல்ல, அதனால அந்த 120ஐ அப்படியே அம்மாக்குப் பிடிச்சு வைக்க வேணாம்.

எனக்குப் பிடிச்சது சீனாவில செஞ்சது. 326 கிராமம், ஏறத்தாழ 34,000 பேர். பெரிய டொக்டர்மார் இல்ல, கிராமத்து வைத்திய உதவியாளர்களே வீட்டுக்காரரோட கதைச்சு, மருந்தைக் கூட்டிக் குறைச்சு, பிரஷரை இறக்கினாங்க. நாலு வருசத்தில டிமென்சியா 15 வீதம் குறைவு. 2025இல வந்தது. பெரிய ஆஸ்பத்திரி இல்லாமலே செஞ்ச வேலை அது.

ஒரு எச்சரிக்கை, அக்கா. இதை வாசிச்சிட்டு நாளைக்கே அம்மாக்கு எழுதிக் குடுத்த எல்லாக் குளிசையையும் ஒண்டாப் போடத் தொடங்காதீங்க. அவ ஒழுங்காப் போடுறா எண்டு நினைச்சு, பிரஷர் இறங்கல்ல எண்டு கிளினிக்கில கட்டம் கட்டமாக் கூட்டியிருப்பாங்க. அந்த அளவை உண்மையாவே ஒரே நாளில விழுங்கினா பிரஷரும் சீனியும் சரிஞ்சு ஆள் விழுந்துடுவா. போத்தலோட போய் உள்ளதைச் சொல்லுங்க. ஏசினாலும் பரவாயில்ல.

வாப்பாட_மகள்

டொக்டர் கடைசியாச் சொன்னது எங்கட வீட்டில நடந்தது. நான் காத்தான்குடி. வாப்பாக்கு ரெண்டு தரம் பாரிசவாதம். முதல் தரம் கை கொஞ்சம் இழுத்தது, தேறிட்டார், கடைக் கணக்கெல்லாம் பாத்தார். சுகம் எண்டு மருந்தை விட்டுட்டார். ரெண்டாந் தரம் வந்த பிறகு ஆள் வேற. படிப்படியா இறங்கின மாதிரி. ஒரு கிழமை இருந்த மாதிரி மறு கிழமை இல்ல, பிறகு கொஞ்ச நாளைக்கு அப்படியே நிக்கும், பிறகு இன்னொரு படி கீழ. சுபஹுக்கு (விடியல் தொழுகை) எழும்பி ழுஹர் (பகல் தொழுகை) தொழுதுட்டேனா எண்டு கேப்பார்.

நோன்பு காலத்தைப் பத்தியும் சொல்லணும். எங்கட ஆக்கள்ல வயசானவங்க நோன்பை விடவே மாட்டாங்க. சீனிக் குளிசையை வழமை மாதிரிக் காலையில போட்டுட்டு நோன்பு பிடிச்சா பின்னேரத்தில சீனி இறங்கி, வேர்த்து ஊத்தி, என்ன கதைக்கிற எண்டே தெரியாமப் போகும். எங்கட மூத்தம்மாக்கு அப்படி வந்த நேரம் வீட்டில எல்லாரும் மறதி வருத்தம் எண்டுதான் நினைச்ச.

கிழக்கு_வைத்தியன்

நல்ல நேரத்தில சொன்னீங்க, தங்கச்சி. சீனி கூடுறதைப் பத்தித்தான் எல்லாரும் கதைக்கிறாங்க. வயசானவங்கட மூளைக்கு அடிக்கடி சீனி இறங்கிறதும் கேடுதான். நோன்புக்கு ஒரு மாதம் ரெண்டு மாதம் முந்தியே கிளினிக்கில சொன்னா, ஸஹருக்கும் நோன்பு துறக்கிற நேரத்துக்கும் ஏத்தமாதிரி அளவை மாத்தித் தருவாங்க. சிலருக்கு வேணாம் எண்டும் சொல்லுவாங்க.

வாப்பாட கதையில இன்னொண்டு. முதல் பாரிசவாதத்துக்குப் பிறகு ஏறத்தாழ பத்தில ஒருத்தருக்குப் புதுசா டிமென்சியா வருது. ரெண்டாவதும் வந்தா மூண்டில ஒருத்தருக்கு மேல. "சுகம் வந்துட்டு" எண்டு மருந்தை விடுறது எவ்வளவு விலை எண்டு இந்த ரெண்டு எண்ணும் சொல்லும்.

ஓய்வில_மிஸ்

கிளினிக்கில மருந்து குடுத்த ஆள் எண்டபடியால் கொஞ்சம் நீட்டி எழுதுறன். எல்லாரும் "அம்மா மருந்து போடுறால்ல" எண்டு குறை சொல்லுறீங்க. அந்த உறையை எடுத்து ஒரு தரம் பாருங்க. காலை 1, இரவு 1 எண்டு பேனாவால கிறுக்கி இருக்கும். கண்ணில வெள்ளை படர்ந்த ஆளுக்கு அது என்னெண்டு தெரியும்? போன மாதம் வெள்ளையா இருந்த குளிசை இந்த மாதம் வேற கொம்பனி, மஞ்சள். அவ பயத்தில விடுறாளா, மறந்து விடுறாளா, தெரியாம விடுறாளா எண்டு முதல்ல கண்டுபிடிக்கணும்.

ஏழு நாளைக்கும் அறை பிரிச்ச குளிசைப் பெட்டி பாமசியில விக்கிறாங்க. ஞாயிற்றுக்கிழமை இருந்து நீங்களே நிரப்பி வைங்க. அவட கையால எடுத்து விழுங்கட்டும். முழுக்கப் பறிச்சு எடுத்துட்டீங்கெண்டா கோவிச்சுக்கொண்டு துப்பிப் போடுவாங்க, அதையும் பாத்திருக்கன்.

இரத்தம் சோதிக்க வெறும் வயித்தில வரச் சொல்லுற அண்டைக்குப் பிரஷர் குளிசையையும் விட்டுட்டு வருவாங்க, பிறகு வரிசையில மூண்டு மணித்தியாலம் நிண்டு பிரஷர் ஏறிக் கிடக்கும். பிரஷர் குளிசையை ஒரு மிடறு தண்ணியோட போடலாம். சீனிக் குளிசையைத்தான் சாப்பாட்டோட பிந்திப் போடணும். உங்கட கிளினிக்கில ஒருக்காக் கேட்டு வச்சுக்கொள்ளுங்க.

பிரஷர் பாக்கிறதுக்கும் முறை இருக்கு. ஆட்டோவில இருந்து இறங்கி ஓடி வந்த கையோட பாக்கக் கூடாது. அஞ்சு நிமிசம் முதுகைச் சாய்ச்சு இருக்கணும், கால் ரெண்டும் நிலத்தில, கை நெஞ்சு மட்டத்துக்கு மேசையில, வாயை மூடிக்கொண்டு. தேத்தண்ணி, சிகரெட், வெத்திலை அதுக்கு அரை மணித்தியாலம் முந்தி இல்ல. சலம் வந்தா போயிட்டு வந்து இருங்க. கல்லடிப் புள்ள, நீங்க வீட்டில காலையும் இரவும் ஒரு கிழமை பாத்து எழுதுங்க. வீட்டில 135/85க்கு மேல நிண்டா அது கூடின பிரஷர்தான். 35 தாண்டின எல்லாருக்கும் அரசாங்கத்திட ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்டரில பிரஷர், சீனி, எடை எல்லாம் காசில்லாமப் பாக்கிறாங்க. கிட்ட இருக்கிற ஆஸ்பத்திரியிலயோ எம்.ஓ.எச் (சுகாதார வைத்திய அதிகாரி) ஒஃபிசிலயோ எந்த நாள் எண்டு கேளுங்க. அங்க போனா கிழவிகள்தான் இருப்பாங்க, ஆம்பிளையளைக் காணக் கிடைக்காது. இது படுவான்கரைத் தம்பிக்கு.

இன்னொண்டு மறந்துட்டன். மறதிக்கு எண்டு கூட்டிப் போக முந்தி, வேற என்ன குளிசை போடுறா எண்டு பாருங்க. தடிமனுக்கும் சொறிக்கும் எண்டு கடையில வாங்கிற பிரிட்டன் (Piriton) குளிசை, நித்திரைக்கு எண்டு வருசக்கணக்கா எடுக்கிறது, இதெல்லாம் வயசானவங்கட புத்தியை மந்தப்படுத்தும். ரெண்டு மூண்டு நாளில சடாரெண்டு குழம்பினா அது மறதி வருத்தம் இல்ல. சலத்தில கிருமியா இருக்கலாம், உப்புச்சத்து இறங்கினதா இருக்கலாம், எங்கயும் விழுந்து தலை அடிபட்டதா இருக்கலாம். உடனே கொண்டு போங்க.

தம்பிலுவில்_டு_டொரொண்டோ

வணக்கம் உறவுகளே. எல்லாரும் இங்கிலீஸ் மருந்தையே கதைக்கிறீங்க. வல்லாரை நம்மட ஊர்க் குளத்தங்கரையில சும்மா முளைக்கிறது. எங்கட அம்மம்மா பரீட்சைக் காலத்தில காலையில வல்லாரைச் சம்பலும் இலைக்கஞ்சியும்தான் தருவா. இஞ்ச அதைக் குளிசையாக்கி டொலருக்கு விக்கிறான். தேங்காய் எண்ணெய் ரெண்டு கரண்டி குடிச்சா அல்சைமர் மாறும் எண்டு ஒரு வீடியோவும் பாத்தன். அதோட ஆஸ்பிரின் ஒண்டு தினமும் போட்டா இரத்தம் இளகி மூளைக்கு ஓடும் எண்டு இஞ்ச கன பேர் தாங்களாப் போடுறாங்க. இதையெல்லாம் ஏன் ஒருத்தரும் சொல்லுறீங்க இல்ல?

கிழக்கு_வைத்தியன்

ஒவ்வொண்டாச் சொல்லுறன்.

வல்லாரை நல்ல கீரை, சம்பலாத் திண்ணுங்க. நான் திண்ணுறன். மறதி வருத்தத்தைத் தடுக்கும் எண்டு பெரிய ஆய்வில ஒருத்தரும் காட்டல்ல. அதை நம்பிப் பிரஷர் குளிசையை விடுறவங்களைத்தான் எனக்குப் பயம்.

கட்டார் தம்பி அனுப்பின ஜிங்கோவை அமெரிக்காவில 75 வயசு தாண்டின 3,069 பேருக்குக் குடுத்துப் பாத்து 2008இல முடிவு போட்டாங்க. டிமென்சியாவைத் தடுக்கல்ல. இரத்தம் இளக்கிற மருந்து எடுக்கிறவங்க ஜிங்கோவும் போட்டா இரத்தம் கசியிற ஆபத்து வேற. போத்தலைத் திறக்காம இருந்தா திறக்க வேணாம்.

தேங்காய் எண்ணெய் பெரும்பகுதி நிரம்பிய கொழுப்பு, கூடாத கொழுப்பை ஏத்தும். சொதிக்கும் கறிக்கும் தேங்காய்ப்பால் விட்டுச் சாப்பிடுற ஊர் நாம, அதை நான் நிப்பாட்டச் சொல்ல மாட்டன். அதுக்கு மேல கரண்டியால குடிக்கிறதுக்கு ஒரு நியாயமும் இல்ல.

ஆஸ்பிரின்தான் இதில ஆபத்தானது. அவுஸ்திரேலியாவிலயும் அமெரிக்காவிலயும் இருதய வருத்தம் இல்லாத 19,114 முதியவங்களை வச்சுப் பாத்தாங்க, அதில பெரும்பாலானவங்க 70 தாண்டினவங்க. 2018இல முடிவு வந்தது. டிமென்சியா குறையல்ல, இரத்தப்போக்கு கூடினது. வருத்தம் இல்லாதவங்க தாங்களாத் தொடங்கக் கூடாது. ஆனா மாரடைப்போ பாரிசவாதமோ வந்து டொக்டர் எழுதிக் குடுத்தவங்க இதை வாசிச்சிட்டு நிப்பாட்டிடவும் கூடாது. வாப்பாட மகள், இது உங்களுக்கும்.

சாய்ந்தமருது_காக்கா

நான் சாப்பாட்டுக் கடை வச்சிருக்கிறவன். உப்பைப் பத்தி டொக்டர் ஒண்டும் சொல்லல்ல, அதான் வந்தன். உலக சுகாதார நிறுவனம் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவா எண்டு சொல்லுது, அது தட்டித் தேயிலைக்கரண்டி ஒண்டு. எங்கட கடையில ஒரு பகல் சாப்பாட்டில மட்டும் அதில பாதிக்கு மேல போயிரும், உண்மையைச் சொல்லணும். சோத்துக்கு உப்பு, மீன் கறிக்கு உப்பு, பருப்புக்கு, சுண்டலுக்கு, பொரிச்ச மிளகாய்க்கு, அதுக்கு மேல ஊறுகாய். குறைச்சுப் பாத்தன். ரெண்டு நாளில ஆக்கள் "காக்கா, கைமணம் போயிட்டே" எண்டாங்க. மூண்டாம் நாள் எதிர்க் கடையில இருந்தாங்க.

வீட்டிலயும் உப்புக் கரண்டியைக் குறைச்சாப் போதும் எண்டு நினைக்காதீங்க. கருவாடு, மாசிச் சம்பல், பாண், சோயாமீட் பக்கட்டுக்குள்ள வாற தூள், சூப் கட்டி, இதுகளுக்குள்ளதான் ஒளிச்சிருக்கு. வயசானவங்க பல்லில்லாம இரவில பாணும் பருப்பும்தான் திண்ணுறாங்க.

கிழக்கு_வைத்தியன்

காக்கா சொன்னதுக்கு ஒரு சேர்க்கை. சீனாவில 600 கிராமத்தில ஏறத்தாழ 21,000 பேரில அரைவாசிக் கிராமங்களுக்குச் சாதாரண உப்புக்குப் பதிலா, கால் பங்கு பொட்டாசியம் குளோரைட் கலந்த உப்பைக் குடுத்தாங்க. பாரிசவாதம் 14 வீதம் குறைஞ்சது, 2021இல வந்த முடிவு. சமையல் ருசியும் பெரிசா மாறல்ல. ஆனா சிறுநீரக வருத்தம் உள்ளவங்களுக்கும், பொட்டாசியத்தைக் கூட்டுற பிரஷர் குளிசை எடுக்கிறவங்களுக்கும் அது ஆபத்து. அம்பாறை மாவட்டத்தில தெஹியத்தகண்டிப் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக வருத்தம் இருக்கிறதும் உங்களுக்குத் தெரியும். சிறுநீரகச் சோதனை செய்யாம வாங்கிப் பாவிக்காதீங்க.

திருக்கோவில்_டீச்சர்

நடை, நடை எண்டு எல்லா டொக்டரும் சொல்லுறாங்க. கிழமைக்கு 150 நிமிசம், கொஞ்சம் மூச்சு வாங்கிற மாதிரி. சரி. எங்க நடக்கிறது? மட்டக்களப்பு டவுனில இருக்கிறவங்களுக்குக் காந்தி பூங்கா இருக்கு, கல்லடிப் பழைய பாலம் இருக்கு, விடியக்காலையில போனா நடக்கிற ஆக்கள்தான். எங்கட பக்கத்தில அறுபது வயசுப் பொம்பிளை சப்பாத்துப் போட்டுக்கொண்டு ரோட்டில நடந்தா, "என்னகா, ஆட்டோக் காசும் இல்லையா?" எண்டு கேப்பாங்க. போதாததுக்கு நாய். ஒன்பது மணிக்குப் பிறகு வெயில்.

நாங்க அஞ்சாறு பேர் சேர்ந்து பின்னேரம் கோயில் வெளிவீதியைச் சுத்துறம். கோயிலைச் சுத்தினா ஒருத்தரும் கேள்வி கேக்க மாட்டாங்க. தனிய ஆரும் வாறல்ல, கதைச்சுக்கொண்டு நடக்கிறம். முழங்கால் நோவு உள்ள ஒரு அக்கா தேர்முட்டியடியில கதிரை போட்டு, கையை ஊண்டாம எழும்பி எழும்பி இருப்பா. முதல்ல எங்களுக்குச் சிரிப்பு. வயசானவங்களுக்குத் தசைக்கும் சமநிலைக்கும் பயிற்சி வேணும் எண்டு உடற்பயிற்சி மிஸ் சொன்ன பிறகு இப்ப எல்லாரும் அதைச் செய்யிறம்.

மற்றது, ஒருத்தரும் தொடாத ஒண்டு. இந்த இழை முழுக்க மகள்மார்தான் எழுதுறாங்க. தம்பி கட்டாரில இருந்து போத்தல் அனுப்புறான். குளிசைப் பெட்டி நிரப்புறது, கிளினிக்கில நிக்கிறது, ஒரே கேள்விக்கு நாலு தரம் பதில் சொல்லுறது எல்லாம் ஆரு? அந்தப் பொம்பிளைக்கும் 148/92.

படுவான்கரையான்

டீச்சர், அனுப்புற காசில்லாம இஞ்ச ஒண்டும் நடக்காது, அதையும் சொல்லுங்க. வெயிலுக்க நிண்டு உழைக்கிறவனை இளக்காரமாக் கதைக்கக் கூடாது.

நடையைப் பத்தி நீங்க சொன்னது சரி. அப்பப்பாக்கு சைக்கிளும் இல்ல. துறையடிக்கு நடை, வயலுக்கு நடை, வாடியில இருந்து வீட்டுக்கு நடை. இப்ப நான் வயலுக்கு மோட்டர் சைக்கிளில போய், மெஷினால வெட்டி, வரம்பில இருந்து போன் பாக்கிறன்.

கல்லடிக்காரி

டீச்சர், நீங்க எழுதினதை வாசிச்சுப் போட்டுத் தம்பிக்கு எடுத்தன். சண்டை இல்ல. இனி ஜிங்கோவுக்குப் பதிலா வீட்டில வைக்கிற பிரஷர் மெஷின் ஒண்டு அனுப்பு எண்டன், கைக்குக் கட்டுறது, மணிக்கட்டுக்குக் கட்டுறது இல்ல. அனுப்பிட்டான்.

போத்தலைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போனம். டொக்டர் ஏசல்ல, மேசையில கொட்டி வகை பிரிச்சார். டொக்டர் இஞ்ச சொன்னமாதிரியே மூண்டு வகைப் பிரஷர் குளிசை எழுதி இருந்ததை ஒண்டாக் குறைச்சு, ரெண்டு கிழமையில திரும்ப வரச் சொன்னார். தைரொயிட்டுக்கும் பி12க்கும் இரத்தம் எடுத்தாங்க. மெட்போமின் எண்ட சீனிக் குளிசையும் காஸ் குளிசையும் கன வருசம் எடுத்தா பி12 குறையும், அதுவும் மறதியைக் காட்டும் எண்டார். மணிக்கூடு வரைஞ்சு பதினொண்டு பத்துக் காட்டச் சொன்னாங்க. அம்மா வட்டத்தை வடிவா வரைஞ்சு, எண் எல்லாத்தையும் ஒரு பக்கத்தில நெருக்கிப் போட்டுட்டு என்னைப் பாத்தா. நரம்பியல் டொக்டருக்குக் கடிதம் தந்திருக்காங்க.

காதையும் பாத்தாங்க. குறும்பி அடைச்சு இருந்தது ஒரு பக்கம், அதை எடுத்தாச்சு. மற்றப் பக்கம் உண்மையாவே கேக்கிறது குறைவாம், மெஷின் வைக்கலாம் எண்டாங்க. அவ பஜனைக்குப் போறதை விட்டதுக்கு நாங்க கால் நோவு எண்டுதான் நினைச்ச. ஆக்கள் கதைக்கிறது கேக்கல்ல, கேட்டுக் கேட்டு வெக்கம்.

ஓய்வில_மிஸ்

கேக்காத ஆள் கதைக்காது. கதைக்காத ஆள் வீட்டுக்க இருக்கும். எங்கட பக்கத்தில அதுக்கு மேல இன்னொண்டு. சண்டையில ஒண்டு, சுனாமியில ஒண்டு எண்டு பிள்ளைகளைக் குடுத்துட்டு இருக்கிற தாய்மார் எத்தனை பேர். அவங்க மூலையில குந்திக்கொண்டு ஒண்டையும் கவனிக்காம இருந்தா அது மறதி எண்டு நாம முடிவு கட்டிடுறம். மனச்சோர்வுக்கும் ஒருக்காப் பாக்கச் சொல்லிக் கேளுங்க. அதுக்கு மருந்து இருக்கு, குணமாகிறது.

கிழக்கு_வைத்தியன்

காது மெஷினுக்கு ஒரு அளவான எதிர்பார்ப்போட போங்க. அமெரிக்காவில 70இல இருந்து 84 வயசு வரையான 977 பேரை மூண்டு வருசம் பாத்து 2023இல முடிவு சொன்னாங்க. மொத்தமாப் பாத்தா ஞாபகத்துக்கு வித்தியாசம் இல்ல. ஆனா முன்னமே ஆபத்துக் கூடின பகுதியில, வயசு கூட, பிரஷர், சீனி இருக்கிறவங்களில, மெஷின் வச்சவங்கட இறக்கம் ஏறத்தாழ பாதி. அம்மா அந்தப் பகுதிக்குள்ள வருவா. பஜனைக்குத் திரும்பப் போனாலே எனக்குப் போதும்.

உங்கட கிழமைக் கணக்கு எங்க? அதை இன்னும் எழுதல்ல.

கல்லடிக்காரி

காலையில 138, 141, இரவில 144 எண்டு அப்படித்தான் நிக்குது. சென்டரில நாள் எடுத்திருக்கன்.

பொத்துவில்_பேரன்

இடையில வாறதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்க. எங்கட மூத்தப்பாக்கு 84. நாலு வகைப் பிரஷர் குளிசை, ஒரு நாளும் விட மாட்டார். மேல் பிரஷர் 110. இப்ப படுக்கையில இருந்து எழும்பினா சுத்துது, போன மாதம் கிணத்தடியில விழுந்துட்டார். இந்த இழையைப் பாத்துட்டு உம்மா, "குளிசையை விடவே கூடாது, மறதி வரும்" எண்டு பிடிவாதமா நிக்கிறா.

கிழக்கு_வைத்தியன்

தம்பி, உம்மாக்குச் சொல்லுங்க, மேல எழுதினது கல்லடி அக்காட வயசுக்கு. 84இல, விழுந்த ஆளுக்குக் கணக்கு வேற. படுத்திருக்கப் பிரஷரைப் பாருங்க, எழும்பி நிண்டு ஒரு நிமிசத்திலயும் மூண்டு நிமிசத்திலயும் மறுகாப் பாருங்க. மேல் எண் 20 இறங்கினா, இல்லாட்டி கீழ் எண் 10 இறங்கினா, மருந்து கூடிட்டு எண்டு நினைக்க இடமிருக்கு. தலை அடிபட்டு விழுந்தா அதுவே மூளைக்குக் கேடு. நீங்களா ஒண்டையும் நிப்பாட்டாதீங்க, ஆனா அடுத்த கிளினிக் வரைக்கும் காத்து இருக்கவும் வேணாம். இந்தக் கிழமையே கொப்பியையும் அந்த மூண்டு எண்ணையும் எழுதிக் கொண்டுபோய், எதைக் குறைக்கலாம் எண்டு கேளுங்க. விழுந்த நேரம் தலை அடிபட்டதா எண்டும் மறக்காமச் சொல்லுங்க. இரத்தம் இளக்கிற மருந்து எடுக்கிறார் எண்டா அதை முதல்ல சொல்லுங்க.